சளிக்குள் ஒரு ஊரே இருக்கு

அம்மா திருச்சியிலிருந்து வரும்போது கொண்டுவரும் பெட்டியை உங்களுக்கு நான் வர்ணிக்கத் தேவையில்லை. உங்க வீட்டுக்கும் அதே பெட்டிதான் வந்திருக்கும். அப்பளம், சுண்டைக்காய் வத்தல், பருப்புப் பொடி, பேத்திக்கு ஒரு பட்டுப் பாவாடை. எல்லாத்துக்கும் அடியில், துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்த மருந்து மூட்டை. "இங்க டாக்டரைப் பாக்கவே ஒரு வாரம் ஆகுமாமே, அதான் கொண்டாந்தேன்" என்று அம்மா சொன்னபோது நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி மாசம். வந்த மூணாவது வாரம் அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது. பனிக்குப் பழகவில்லை, அதனால்தான் என்று நினைத்தோம். காய்ச்சல் வந்தது. எங்களிடம் சொல்லாமல் அந்த மூட்டையைப் பிரித்து, ஊரில் எப்போதோ மிச்சம் வைத்திருந்த அசித்ரோமைசின் மாத்திரையை ரெண்டு நாள் போட்டிருக்கிறார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. மூணாவது நாள் ராத்திரி மூச்சு வாங்கியது. கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 90 காட்டியது. காரை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

சூப்பர் விசாவில் வந்தவர்களுக்கு ஓஹிப் கிடையாது, தனி இன்சூரன்ஸ்தான். பாலிசி காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, எமர்ஜென்சியில் விடியவிடிய உட்கார்ந்த கதையை இன்னொரு மாதம் எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா. டாக்டர் ரொம்பச் சின்னப் பெண். கேட்ட முதல் கேள்வியே, "ஏற்கெனவே ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்தாங்களா?" நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "ரெண்டு மாத்திரை போட்டேன்டா" என்றார், குற்றம் செய்த குழந்தை மாதிரி.

டாக்டர் திட்டவில்லை. "சரி, சளி டெஸ்டில் இனிமேல் எதுவும் தெரியாமலே போகலாம்" என்று மட்டும் சொன்னார். அப்படியேதான் ஆயிற்று. ரிப்போர்ட்டில் வாயில் வழக்கமாக இருக்கும் கிருமிகள் மட்டும் வளர்ந்ததாக வந்தது. எந்தக் கிருமி அம்மாவின் நுரையீரலில் உட்கார்ந்திருந்தது என்று கடைசிவரை தெரியாமலே வைத்தியம் நடந்தது. பொதுவாக எது வரும், எது கேட்கும் என்ற அனுபவக் கணக்கில் மருந்து கொடுத்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். மொத்தம் ஐந்து நாள் மருந்து. பத்து நாள், பதினைந்து நாள் என்று ஊரில் கேட்டு வளர்ந்த எனக்கு அதுவே ஆச்சரியம். இப்போதெல்லாம் சாதாரண நிமோனியா தேறி வருகிறது என்றால் ஐந்து நாளே போதும் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்களாம்.

அம்மா வீடு திரும்பிய பிறகும் என் மனசு அந்த ரிப்போர்ட்டையே சுற்றியது. நான் சாஃப்ட்வேர்க்காரன். ஒரு டெஸ்ட் 'எதுவும் இல்லை' என்று சொல்லி, சிஸ்டம் எதிரே எரிந்துகொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். அக்கா யாழ்ப்பாணம், சாவகச்சேரிப் பக்கம். இங்கே ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிர் லேபில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டப்பா ரசத்தோடு அம்மாவைப் பார்க்க வந்திருந்தார்.

"தம்பி, சளியை எடுத்துத் தட்டில கீறி விடுவம். அடுத்த நாள் பாத்தா புள்ளி புள்ளியா வளந்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியில இருந்து பெருகினது. அதைத்தான் காலனி எண்டு சொல்றது."

காலனி என்றால் எங்க ஊரில் வீட்டு வாரியக் காலனிதான். அதே சொல் இங்கேயும் பொருந்துகிறது. ஒரு குடும்பம் வந்து குடியேறி, பெருகி, ஒரு தெருவே ஆகிவிடுவது.

"அப்ப அத்தனை புள்ளியையும் டெஸ்ட் பண்ணுவீங்களா அக்கா?"

"எப்படிச் செய்யிறது? நூற்றுக்கணக்கில நிக்கும். ஒரே மாதிரித் தெரியிறதில ஒண்டை எடுப்பம். வேற மாதிரி ஒண்டு தெரிஞ்சா அதையும் எடுப்பம். அதுக்குத்தான் எந்த மருந்து கேக்கும், எது கேக்காது எண்டு பாக்கிறது. மற்றதெல்லாம் குப்பைக்குப் போகும்."

நான் கேட்டேன்: "பார்க்க ஒரே மாதிரி இருந்து உள்ளுக்குள்ள வேற மாதிரி இருந்தா?"

அக்கா சிரித்தார். "அது சண்டை பிடிக்கிற கேள்வி, தம்பி."

அந்தக் கேள்விக்கு நம்ம ஊரிலேயே, இந்த டொராண்டோவிலேயே, ஒரு பதில் கிடைத்திருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் கட்மன் என்ற பேராசிரியரின் குழு 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே ஒரு நோயாளி. அவருடைய சளியிலிருந்து ஒன்றல்ல, 111 காலனிகளை எடுத்து ஒவ்வொன்றின் மரபணுத் தொகுதியையும் முழுசாகப் படித்தார்கள். கிருமியின் பெயர் பர்க்கோல்டேரியா மல்டிவொரான்ஸ். லேப் ரிப்போர்ட்டில் இது ஒரே ஒரு வரி. அவர்கள் உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே பல கிளைகளாகப் பிரிந்த ஒரு பெரிய குடும்பமே இருந்தது.

இந்த நோயாளி யார், ஏன் அவருக்கு இப்படி என்று புரிய ஒரு சின்னச் சுற்று போகணும். அவருக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய். இதுவும் டொராண்டோவுக்கு நெருக்கமான நோய்தான். இதற்குக் காரணமான மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தவர்கள் இங்கே யூனிவர்சிட்டி அவென்யூவில் இருக்கும் சிக்கிட்ஸ் மருத்துவமனையின் லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன் ஆகியோரும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸும். அந்த மரபணுவில் அதிகம் காணப்படும் பிழை என்ன தெரியுமா? மூன்றே மூன்று எழுத்து காணாமல் போயிருக்கும். அதனால் 1,480 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தில் 508-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஒன்று விடுபட்டுப் போகும். அவ்வளவுதான் பிழை. அதன் விளைவாக நுரையீரலில் இருக்கும் சளி பாகு மாதிரி கெட்டியாகிவிடும். சாதாரண நுரையீரல் கிருமிகளைத் துடைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இவர்களுக்கு அது முடியாது. வந்த கிருமி வருஷக்கணக்கில், சிலருக்கு வாழ்நாள் முழுக்க, அங்கேயே தங்கிவிடும்.

தங்கினால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாக்டீரியா தன்னை ரெண்டாக்கும்போது டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுக்கிறது. இந்தக் கிருமிக்கு அது 60, 70 லட்சம் எழுத்து. அதில் பிழை அபூர்வம். பொதுவாகச் சுமார் 300 பிரதிக்கு ஒரு எழுத்துப் பிழை. நம்ம கோடிங்கை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நாள்பட்ட தொற்று இருப்பவரின் ஒரு மில்லிலிட்டர் சளியில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். பத்துக் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே ஒரு தடவை பிரிந்தாலே மூணு லட்சத்துக்கும் மேல் புதிய பிழைகள். அதில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாது. ஏதோ ஒன்று, அன்றைக்குக் கொடுத்த மருந்தைத் தாங்கும் பிழையாக இருந்தால் போதும்.

டொராண்டோ நோயாளியிடம் நடந்தது இதுதான். முதன்முதலில் தொற்றியபோது எடுத்து வைத்த கிருமி மூன்று வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் ஓரளவு அடங்கியது. பின்னால் நாள்பட்ட தொற்றாக மாறியபோது, நுரையீரல் மாற்று அறுவைக்கு முந்தைய ஒரு வருஷ காலத்தில் எடுத்த கிருமிகள் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்திருந்தன. அதே மருந்துகளுக்கு அடங்குவதும் குறைந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆம்ப்-டி என்று ஒரு மரபணு. பென்சிலின் குடும்பத்து மருந்துகளை உடைக்கும் நொதி தேவையில்லாமல் பெருகாதபடி அடக்கி வைப்பதில் இதற்குப் பங்கு உண்டு. இந்த ஒரே நோயாளியின் உடம்புக்குள், இதே மரபணுவில் நான்கு தடவை தனித்தனியாக மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பி அடித்ததில்லை, நாலும் தற்செயலாக அதே கதவைத் தட்டித் திறந்திருக்கின்றன. அது போதாதென்று, கிருமிகள் தங்களுக்குள் டி.என்.ஏ. துண்டுகளைக் கைமாற்றிக்கொண்டதற்கான தடயமும் குறைந்தது 14 இடத்தில் கிடைத்தது. மருந்தைத் தாங்கும் மாற்றங்கள் அந்தக் கைமாறிய பகுதிகளில்தான் அதிகம் இருந்தன.

இப்போது அக்காவின் லேப் தட்டை நினைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு புள்ளியை எடுக்கிறோம். அது மருந்துக்கு அடங்கும் வகையாக இருந்தால் ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று வரும், அதாவது மருந்து கேட்கும். பக்கத்துப் புள்ளியை எடுத்திருந்தால் 'ஆர்' என்று வந்திருக்கலாம். ரெண்டு ரிப்போர்ட்டிலும் பொய் இல்லை.

அந்த நோயாளிக்கு நுரையீரலையே மாற்றினார்கள். 1983-இல் உலகின் முதல் வெற்றிகரமான நுரையீரல் மாற்று அறுவை நடந்தது இந்த ஊரின் டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையில்தான், ஜோயல் கூப்பர் தலைமையில். பழைய நுரையீரலோடு பழைய கிருமிக் கூட்டமும் போய்விட்டது என்றுதானே நாம் நினைப்போம்? அறுவைக்குப் பிறகு மறுபடியும் மல்டிவொரான்ஸ் வந்தது. அதன் மரபணுவைப் படித்தால், நுரையீரலை ஆண்டுகொண்டிருந்த அந்தக் கிளைகளின் வாரிசு இல்லை அது. முதன்முதலில் தொற்றிய கிருமி எங்கிருந்து வந்ததோ அதே மூலத்திலிருந்து வந்த, அவற்றோடு ஒட்டாத தனி வம்சம். மருந்தைத் தாங்குவதிலும் முதல் கிருமிக்கும் நாள்பட்ட கிருமிக்கும் நடுவில் நின்றது. எங்க ஆபீஸில் எல்லாரும் மறந்துபோன பழைய பிராஞ்ச் ஒன்று திடீரென்று புரொடக்‌ஷனில் ஓடுவதைப் பார்த்தால் வரும் வயிற்றுக் கலக்கம் இதைப் படித்தபோது எனக்கு வந்தது. பொதுவாகவே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கு மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் குழிகளில் கிருமிகள் பதுங்கி இருப்பதுண்டு. நுரையீரலை மாற்றினாலும் மூக்கை மாற்ற முடியாதே.

பர்க்கோல்டேரியா குடும்பத்துக்கும் இந்த ஊருக்கும் இதைவிடப் பழைய, கசப்பான உறவு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட மனசில்லை. இந்தக் குடும்பத்தில் நான் சொல்லப்போகும் கிருமி முதலில் மனுஷனுக்கு வந்ததாகப் பதிவாகவில்லை, வெங்காயத்துக்கு வந்தது. வெங்காயத்தின் தோல் அழுகிப் புளித்த வாடை வீசும் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று 1950-இல் வால்டர் பர்க்கோல்டர் என்ற அமெரிக்கத் தாவர நோய் ஆய்வாளர் எழுதினார். லத்தீனில் வெங்காயத்துக்கு 'செபா', அதிலிருந்து 'செபேசியா' என்று பெயர். பின்னாளில் குடும்பத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கும்போது இனிமேல் உங்களுக்கும் இது ஞாபகம் வரும், மன்னிக்கணும். (பயப்படாதீங்க, ஆரோக்கியமான நுரையீரலுக்கு வெங்காயத்தால் ஒன்றும் ஆகாது.)

இந்தச் செபேசியா 1970-களில் டொராண்டோவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் தலைகாட்ட ஆரம்பித்தது. இங்கிருந்த சுமார் 500 நோயாளிகளில் 1971-இல் 10 சதவீதம் பேரிடம் இருந்தது, 1981-இல் 18 சதவீதம் ஆனது. இதை 1984-இல் டொராண்டோ மருத்துவர்களே எழுதி உலகத்தை எச்சரித்தார்கள். சிலருக்கு அது சும்மா இருந்தது. சிலருக்கு மெல்ல மெல்ல நுரையீரலைத் தின்றது. இன்னும் சிலருக்குக் கடும் காய்ச்சலும் நிமோனியாவுமாகச் சில வாரங்களில் உயிரையே எடுத்தது. ஒரே கிருமிக்கு எப்படி இத்தனை முகம் என்று அப்போது புரியவில்லை. பிறகு தெரிந்தது, செபேசியா என்று ஒரே பெயரில் அழைத்ததற்குள் பல இனங்கள் இருந்தன என்று. பெயரிலேயே மயங்கிப்போன கதை அது.

அந்தக் காலத்தில் இந்தக் குழந்தைகளுக்கென்று கோடைக்கால முகாம்கள் நடக்கும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, தன்னைப் போலவே இருமும், தன்னைப் போலவே மாத்திரை விழுங்கும் பிள்ளைகளோடு ஒரு வாரம். அந்தப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் அது ஒன்றுதான் தீபாவளி. ஆனால் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது அங்கேயும்தான். அதில் வேகமாகத் தொற்றும் ஒரு வகைக்கு இ.டி.12 என்று பெயர். கனடாவிலும் பிரிட்டனிலும் பரவியிருந்ததால் எடின்பரோ–டொராண்டோ வகை என்றும் அதைச் சொல்கிறார்கள். நம்ம ஊர் பெயரைத் தாங்கிய கிருமி. முகாம்களை நிறுத்தினார்கள். கிளினிக்கில் ஆளுக்கொரு நாள், தனித்தனி அறை என்று பிரித்தார்கள். இன்றைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ரெண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து பேசக்கூடாது. கோவிட் நம்மை ஆறடி தள்ளி நிற்கச் சொன்னபோது நாம் ரெண்டு வருஷத்தில் அலுத்துப்போனோம். அவர்கள் பல வருஷமாக அப்படி இருக்கிறார்கள், தங்களைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே கூட்டத்திடமிருந்து விலகி. கிருமிகளின் வகையைப் பிரித்துப் பார்க்க முடிந்ததால்தான் எது ஆளிலிருந்து ஆளுக்கு வந்தது, எது மண்ணிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்தது என்று சொல்ல முடிந்தது. அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் போய்விட்டார்கள்.

ஒரே உடம்புக்குள் இத்தனை வகை எப்படி வருகிறது என்பதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. 2000-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 30 சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமியைப் பார்த்தார்கள். அதில் 11 பேரிடம் பிழை திருத்தும் பொறியே பழுதான கிருமிகள் இருந்தன. பிரதி எடுக்கும்போது தப்பைப் பிடித்துத் திருத்தும் புரதம் கெட்டுப்போனால் பிழைகள் பல மடங்கு பெருகும். கோட் ரிவ்யூவை நிறுத்திவிட்ட டீம் மாதிரி. மற்ற இடத்தில் அப்படிப்பட்ட கிருமி தாக்குப்பிடிப்பது கஷ்டம். வாராவாரம் மருந்து மாறும் ஒரு நுரையீரலில் அதுவே ஒரு வசதியாகிவிடுகிறது.

சரி, இதெல்லாம் பல வருஷம் தங்கிய கிருமிகளின் கதை, எங்க அம்மாவுக்கு வந்ததோ சில நாள் நிமோனியா, ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் அக்காவிடம் இதையே கேட்டேன். புதிதாக வந்த தொற்றில் இந்த அளவுக்கு வகை இருக்காது என்பது உண்மைதான். பாஸ்டன் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், செயற்கை சுவாசத்தில் இருந்த 7 நோயாளிகளிடம் தொற்று தொடங்கியதிலிருந்தே சளி எடுத்து, 420 கிருமிகளைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். இதுவும் சூடோமோனாஸ்தான். பெரும்பாலோரிடம் ஆரம்பத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சாக இருந்தன. ஆனால் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே, வழக்கமான லேப் டெஸ்டின் கண்ணுக்குப் படாத அளவில் மருந்தைத் தாங்கும் வகைகள் முளைத்தன. மருந்தை மாற்றியபோது அவற்றில் சில 5 முதல் 12 நாளுக்குள் சுமார் 40 மடங்கு பெருகின. கொடுக்காத மருந்தைத் தாங்கும் வகைகளோ குறைந்து, சில அழிந்தே போயின.

இந்தக் கடைசி வரியை நான் ரெண்டு தடவை படித்தேன். எந்த மருந்து கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கூட்டத்தில் யார் பெருகுவது, யார் ஒழிவது என்பது நாள் கணக்கில் மாறுகிறது. அதைக் கணித்து மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் முளையிலேயே கிள்ளலாமே என்பது ஆய்வாளர்களின் நம்பிக்கை. அந்த விளையாட்டை என் அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த மாத்திரையை வைத்து, அளவும் நாளும் தெரியாமல் ரெண்டு நாள் ஆடியிருக்கிறார். ஒருவேளை அவருக்கு வந்த கிருமிக்கு அந்த மருந்து சரியாகவே இருந்திருக்கலாம். ஒருவேளை அடங்குபவை அடங்கி, அடங்காதவை மிஞ்சியிருக்கலாம். தெரிந்துகொள்ள இருந்த ஒரே தடயத்தையும் அந்த மாத்திரை அழித்துவிட்டது.

அப்படியென்றால் எல்லாருக்கும் 111 காலனி எடுத்துப் படித்துவிடலாமா? என் முதல் எண்ணம் அதுதான். டேட்டா அதிகமானால் பதில் நன்றாக வரும் என்று நம்பியே சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் மருத்துவம் அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுப்பதில்லை. ஒட்டாவாவின் ஷான் ஆரன் தலைமையில், பல மருந்துக்கும் அடங்காத கிருமிகள் உள்ள சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது, 2005-இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான டெஸ்ட். மறு பாதிக்குப் பல மருந்துகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கும் நுணுக்கமான டெஸ்ட், அதன்படி மருந்து. பலன் ரெண்டு பக்கமும் ஒன்றுதான். லேப் தட்டில் கிருமி நடந்துகொள்வதும், கெட்டிச் சளிக்குள் கூட்டமாக இருக்கும்போது நடந்துகொள்வதும் வேறு வேறு. இந்த நோயாளிகளிடம் டாக்டர்கள் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், போன தடவை எந்த மருந்துக்கு மூச்சு தேறியது என்று கேட்பதற்கு அதுதான் காரணம். முன்பெல்லாம் டாக்டர் அப்படிக் கேட்டால் இவருக்கே தெரியவில்லை போலிருக்கு என்று நினைப்பேன். இப்போது அந்தக் கேள்வியை மதிக்கிறேன்.

நம்ம குடும்பங்களுக்கு ஒரு விஷயம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு வராது என்று ரொம்பக் காலம் நம்பப்பட்டது. நம்மிடம் குறைவுதான், ஆனால் வராமல் இல்லை. இந்தியாவில் பல குழந்தைகளுக்கு டிபி என்றும் ஆஸ்துமா என்றும் தப்பாக வைத்தியம் நடந்து தாமதமாகவே தெரிய வந்திருக்கிறது. ஒன்டாரியோவில் 2008 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்திலேயே இதையும் பார்க்கிறார்கள். ஊரில் பிறந்து இங்கே வந்த குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை நடந்திருக்காது. தீராத இருமல், எடை ஏறாமை, எண்ணெய் மிதக்கும் மலம், முத்தம் கொடுத்தால் நெற்றி உப்புக் கரிப்பது, இதெல்லாம் சேர்ந்து இருந்தால் குடும்ப டாக்டரிடம் வியர்வை டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். நம்ம பாட்டிகள் உப்புக் கரிப்பதைக் கவனித்திருப்பார்கள், திருஷ்டி என்று சுற்றிப் போட்டிருப்பார்கள். 2021 முதல் கனடாவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா என்ற மருந்து பலருக்கு அந்தக் கெட்டிச் சளியையே இளக்கிவிட்டது. சீக்கிரம் தெரிந்தால் கிருமிகள் உள்ளே ஊர் கட்டுவதற்குள் தடுக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே குடியேறியவை அந்த மருந்துக்குப் பிறகும் பலரிடம் குறைந்த எண்ணிக்கையில் தங்கிவிடுகின்றன.

போன சனிக்கிழமை மருந்து மூட்டையைத் தரையில் கொட்டிப் பார்த்தோம். அசித்ரோமைசினில் ஒன்று, அமாக்ஸிசிலினில் ஏழு, பெயர் அழிந்துபோன ஒரு அட்டையில் நாலு. தேதி 2019. ஒன்டாரியோவில் மிச்ச மருந்தை மருந்துக் கடைகளிலேயே காசில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், குப்பையில் போடவோ டாய்லெட்டில் கொட்டவோ வேண்டாம். அம்மாவுக்கு மனசே இல்லை. "காசு கொடுத்து வாங்கினதுடா, எல்லாம் நல்ல கம்பெனி" என்று கார் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அமிர்தாஞ்சனையும் கோரோசனை மாத்திரையையும் மட்டும் தனியாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடையில் அந்தப் பெண் பையை வாங்கி எட்டிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிப் பெட்டிக்குள் போட்டாள். அம்மா கவுண்டரை விட்டு நகரவில்லை. என்னம்மா என்றேன். குரலைத் தாழ்த்தி, "ஏன்டா, பாதியாச்சும் காசு திருப்பித் தருவாங்களா, கேளேன்" என்றார்.